மூடி தெறித்த மாப்பானை குறித்து

வளம் பொலிக. மழை பொய்யா மருதங்கா நாடாளும் வேந்தர் செங்கண்மாவேளின் தலைமை அமைச்சர் நெடும்பிறையார், கருங்கல்துறைக் கோட்டைக் காவலர் வேளத்தரையருக்கு விடுக்கும் ஓலை. நும் மதில் உயர்க. நும் வாளோர் நீடு வாழ்க. மேலும் நலம் விசாரிக்க நேரமில்லை, பொறுத்தருள்க.

நும் கோட்டையில் நடந்த நேற்றைய விருந்தில் மாப்பானை வெடித்து, மூடி தெறித்து அண்டைநாட்டுத் தூதரின் நெற்றி கிழிந்ததும், அதைச் சூழ்ச்சியெனக் கொண்டு மடைப்பள்ளித் தலைவி பெருங்கோதையை நீவிர் சிறையிட்டதும், நாளை உச்சிவேளையில் அவளை மதிலிலிருந்து உருட்டக் குறித்ததும் விடியலில் இங்கு எட்டின. அதுமுதல் அமைச்சர் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறார். காரணம் உண்டு.

கள் வார்த்துப் பிசைந்த மாவு உயிருள்ளது, பானை வாயை இறுகக் கட்டலாகாது என்று, அவ்விருந்துக்கென மாப்பானையுடன் அரண்மனையிலிருந்து புறப்படும்போதே பெருங்கோதை கைகூப்பி வேண்டினாள். அரண்மனைக் கலம் எதுவும் அரக்கு முத்திரையின்றி வாசல் தாண்டலாகாது என்று விதித்தவரோ நெடும்பிறையார். மாவுக்கும் மூச்சு முட்டுமோ என்று அவர் நகைத்தார். அவையும் உடன் நகைத்தது. தம் கையாலேயே அரக்கை உருக்கி ஊற்றினார்.

சான்றின்றி நும் ஆணையை மாற்ற வேந்தர் இசையாமையால், இன்று மூன்று பானைகளில் கள் சேர்த்த மாவு வைக்கப்பட்டது. கொதிநீர் ஊற்றிய மாவு அசைவற்றுக் கிடந்தது. திறந்து வைத்தது இருமடங்காகப் பொங்கிற்று. கள்ளில் உறையும் ஏதோ நுண்ணுயிர் மாவின் இனிப்பைத் தின்று காற்றை விடுகிறதென்றும், கோதுமைப் பசை அக்காற்றைப் பிடித்துவைத்து உப்புகிறதென்றும், சூட்டில் அவ்வுயிர் மாய்ந்தபின் எஞ்சும் துளைகளே அப்பத்தின் மென்மையென்றும் மடைப்பள்ளிப் பெண்டிர் உரைத்தனர். அரக்கிட்ட மூன்றாம் பானையோ முதலில் வாளாவிருந்தது. அது பொங்கக் காத்திருந்த ஒவ்வொரு நாழிகையும் அமைச்சருக்கு நெருப்பின்மேல் இருப்பாயிற்று. ஐந்தாம் நாழிகையில் அதன் மூடி அவர் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு உத்தரத்தில் மோதிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவர் விரும்பவில்லை. குற்றம் அவருடையது.

ஆகவே, இது கண்ட கணமே பெருங்கோதையின் தளை களைக. தூதருக்கு உண்மை உரைக்க. வழியில் குதிரை நொண்டுமோ என்ற அச்சத்தால் மூன்று வீரரிடம் மூன்று ஓலைகள் விடுக்கப்படுகின்றன. எது முதலில் வரினும் அதுவே ஆணை. பின்னாலேயே அமைச்சரும் புறப்படுகிறார். ஓலை முந்தின், அவள்முன் தலைவணங்கி மன்னிப்பு இரப்பார். பிந்தின், அவளை நிறுத்திய அதே மதில்மேல் அவரை நிறுத்துக.

இதனை இருமுறை வாசிக்கக் கேட்ட வேந்தர், யாளி இலச்சினை இட்டார்.