சாதாக் குழாயும் மருந்துக் குழாயும்

நாள் 211. காலை 07.10
நிலவைச் சுற்றும் நிலையம், எடை தரும் சுழல் வளையத்தில் தவளைக் கூடம். நீர் வெப்பம் 18. பெண் தவளைகள் ஆறு. இரை தின்றன.
இதைக் கண்டெடுப்பவருக்கு: எழுதுபவன் நாச்சிமுத்து, தவளைப் பொறுப்பாளன். எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை. ஊத்துக்குளிப் பக்கம் பால் சொசைட்டியில் பதினெட்டு வருடம். தவளை வளர்ப்பில் இந்த ஆகாயத்திலேயே எனக்கு அடுத்துத்தான் மற்றவர்கள். மற்றவர்கள் என்றால் ஒருத்திதான். என் அக்காள் மகள் கோகிலவாணி, விஞ்ஞானி. கீழே நிலவுக் குடியிருப்புக்கு வேலையாகப் போனவள் மாட்டிக்கொண்டாள். அங்கே காற்றுக்குழாயில் பூஞ்சை. முப்பத்தெட்டு பேருக்கும் நுரையீரல் காய்ச்சல். கதவுகளை அடைத்துவிட்டார்கள்.

நாள் 211. 09.40
கோகிலா பேசினாள். அவர்களிடம் ஒரு மருந்து இருக்கிறது. பூஞ்சையின் ஒரு புரதத்தை முடக்கிக் கொல்லுமாம். அதே புரதம் மனித செல்லிலும் உண்டு. அது முடங்கினால் நம் செல் பிரிவதும் நிற்குமா? நின்றால் மருந்தே ஆளை முடித்துவிடும்.
அதைத் தவளை முட்டை சொல்லும். முட்டைகளைச் சுழற்றி நசுக்கினால் நடுவில் பொன்னிறமாக ஒரு சாறு நிற்கும். செல் உடைந்துபோனாலும், பிரிகிற வேலையை அந்தச் சாறு தானாகவே செய்யும். அதில் விட்ட செல் கரு உருண்டு திரளும், கரையும், மறுபடி திரளும்; அது ஒரு சுற்று. ஒரு குழாயில் வெறும் சாறு, இன்னொன்றில் மருந்து கலந்த சாறு. மருந்தில் ஒரு சிட்டிகை இங்கே மேலேயும் இருக்கிறது.
“சாதாக் குழாய் நின்னுபோச்சுன்னா முட்டையே கெட்டதுன்னு அர்த்தம். அதை மட்டும் மறைக்காமச் சொல்லீருங்க மாமா.”
எனக்கா சொல்லித்தர வேண்டும்?

நாள் 213. 11.30
நான்கு தவளைகளுக்கு முட்டையிட ஊசி போட்டிருந்தேன். நல்ல ஈடு. ஒவ்வொரு தவளையின் முட்டையையும் தனித்தனியாக வைக்கச் சொல்லியிருந்தாள், ஒன்று கெட்டிருந்தால் மற்றதையும் கெடுக்குமாம். பத்து வீட்டுப் பாலை ஒரே கேனில் ஊற்றிப் பழகிய கை. நான்கையும் ஒன்றாகக் கொட்டினேன்.
மருந்துக் குழாய் நின்றுவிட்டது. சாதாக் குழாயும்தான்.
மருந்துக் குழாய்தான் நின்றது, சாதாக் குழாய் தவில் மாதிரி அடிக்கிறது என்று கீழே சொன்னேன். என் முட்டை கெட்டதென்று நான் எப்படிச் சொல்வேன்?
ஆளைக் கொல்லும் என்று மருந்தைப் பூட்டி வைத்துவிட்டார்களாம்.

நாள் 216. 08.15
கீழே ஒன்பது பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குளிர்விப்பான் நின்று நீர் 27. ஐந்து தவளைகள் செத்தன. குளிர்விப்பானை நான் எட்டு நிமிடத்தில் சரிசெய்தேன். இல்லை, ஐந்து மணி நேரம் ஆனது. கால் கடுக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன்.
கோகிலாவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். இருமிக்கொண்டே கேட்டாள்.
“கேன்ல ஊத்துனீங்களா?”
ஆமாம் என்றேன்.
“மிச்சம் ஒண்ணு இருக்குதில்ல, அதுக்கு ஊசி போடுங்க. திட்டறதுக்கு எனக்கு மூச்சில்லீங்க மாமா.”

நாள் 217. 10.45
ஒற்றைத் தவளை. வெளுத்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தேன். சாறு தேறியது. எட்டு மணிக்குத் தொடங்கினேன். இரண்டு குழாயிலும் மூன்று சுற்று முடிந்தது.
சொன்னேன்.
“போன தடவையும் அடிக்குதுன்னுதான சொன்னீங்க. சுத்துக்கு எத்தனை நிமிசம்?”
சாதா 43, மருந்து 51 என்றேன். மருந்தில் மூன்றாவது சுற்று கொஞ்சம் இழுத்தது, கருக்கள் சில கோணல், எனக்கு அது பிடிக்கவில்லை என்றும் சொன்னேன்.
“உங்க பேச்சு மாதிரியே இல்லீங்களே மாமா. அப்ப நெசந்தான்.” சிரிக்கப் பார்த்தாள், இருமல் விடவில்லை. “மெதுவாப் போனாப் போவுது. இங்க சாயங்காலம் வரைக்கும் தாங்காதவங்க பன்னெண்டு பேர் இருக்காங்க. நான் மொதல்ல குடிக்கறேன்.”

நாள் 217. 11.05
குடித்துவிட்டாள். மற்றவர்களுக்கும் ஊற்றப் போகிறாளாம். காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைக்கும் சத்தம். தொடர்பை அணைக்கவில்லை.

நாள் 217. 11.32
மருந்துக் குழாயில் நான்காவது சுற்று பாதியில் நின்றுவிட்டது. கருக்கள் கரையவில்லை.
முட்டையின் ஆயுள் முடிந்திருக்கலாம். அப்படியானால் சாதாவும் நிற்க வேண்டும்.

11.41
சாதா நிற்கவில்லை. ஐந்தாவது சுற்றும் முடிந்தது. 43 நிமிடம். அழகாக.

11.43
கூப்பிடுகிறேன். மேசையில் கிடக்கும் கருவியில் என் குரல்தான் கத்திக்கொண்டிருக்கும். தூரத்தில் அவள் யாரையோ எழுப்பி உட்காரவைக்கிறாள். டம்ளர் சத்தம்.

11.44
இன்னொரு டம்ளர்.
கோகிலா