விரல் வீக்கமும் இரவுச் சாப்பாடும்

ஐப்பசி, 1995. செவ்வாய் இரவு.

நான் மாத்திரையைக் குப்பையில் போடுகிறேன் என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்லித் திரிவது பொய். டாக்டர் தந்த மாத்திரையும் தவறவில்லை, இந்த வீட்டில் வைத்தியர் சொன்ன பத்தியமும் தவறவில்லை. விரல் மூட்டு வீக்கம்தான் வடிய மாட்டேன் என்கிறது.

இன்று வண்ணார்பேட்டை வைத்தியர் என் விரலைப் பிடித்துக்கொண்டே, "ராத்திரி யாருகூட உக்காந்து சாப்பிடுதீய, ஆச்சி?" என்றார்.

"வீக்கம் விரல்ல இருக்கு. அடுக்களையில இல்ல" என்றேன்.

"மாத்திரைய நிறுத்தச் சொல்லல. ஒத்தையில திங்காதீய, அம்புட்டுத்தான்."

கணவர் இறந்தபின் அடுக்களையில் நின்றபடியே இரண்டு இட்டிலியோடு இரவை முடிப்பதை இவரிடம் யார் சொன்னது?

ஆனால் ஒன்று புரியவில்லை. போன மாதம் தச்சநல்லூரில் தங்கை கனகம் வீட்டில் தங்கினேன். புளிக்குழம்பு சாப்பிட்டுப் பத்தியத்தைக் கெடுத்தேன். சாப்பிட்ட கை காய்கிறவரை இருவரும் பேசினோம். அங்கே வீக்கம் குறைந்து ரவிக்கைக் கொக்கியை நானே மாட்டினேன். இங்கே வந்ததும் மறுபடி வேலைக்காரியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அங்கே விரலுக்கு இதமானது எண்ணெயா, தூக்கமா, பேச்சா?

நாளை கனகத்துக்கு எழுத வேண்டும். எந்த எண்ணெயில் சமைக்கிறாய் என்று கேட்கலாம். வேண்டாம், நேராகவே கேட்கிறேன். கனகம், கொஞ்ச நாள் உன் வீட்டில் வந்து இருக்கட்டுமா? யாரிடமும் சொல்லி அனுப்பாதே, எதிர்வீட்டு அம்மாள் காதுக்குப் போய்விடும். எழுதிப் பதில் போடு.