நுரைச் சுவர் வீட்டில் வடக்கே போகிறோம்

என் மங்களம்,

நோர்வே, புருசெத்திலிருந்து நான் சொல்லச் சொல்ல சுதா எழுதுகிறாள். எங்கடை ஆட்களின் மலரில் போடப் போகிறாளாம். "சுகம் விசாரிச்சுத் தொடங்கட்டோ அப்பா?" என்றாள். வேண்டாம் பிள்ளை, நேரே வண்டிக் கதைக்கு வா என்றேன்.

வண்டி முடிந்துவிட்டது, மங்களம்.

நீ கண்ணை மூடும்போது அது ஸ்ட்ரோம்மனில் சுதா வீட்டுக் கராஜில் கூரையில்லாமல் நின்றது. தளபாடம் ஏற்றுகிற சின்ன ட்ரெயிலர், அதன்மேல் இரண்டு பேர் படுக்க ஓர் அறை, பின்பக்கம் உனக்கொரு குசினி. மீன் பட்ட சட்டியில் சமைத்ததை நீ தொடமாட்டாய். அதனால்தானே இந்த நாட்டுக்கு வந்து ஓரிரவுகூட வெளியே தங்கவில்லை. "நீங்கள் நாலு வருசம் தனிய இருந்த இடத்தை நான் ஒருக்காப் பாக்கவேணும். என்ரை சட்டிபானையோடை கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாய். வடக்கே, நான் வேலை செய்த அந்த மீன் தொழிற்சாலை ஊருக்கு.

ஆனால் கட்டின நான் மேசன். யாழ்ப்பாணத்தில் நான் வைத்த சுவரை மெல்லிசு என்று யாராவது சொன்னதுண்டா? உள்ளே மரச்சட்டம், இரண்டு பக்கமும் தடித்த பலகை. நீயும் தட்டிப் பார்த்து, "ஓம், இப்பதான் வீடு மாதிரி இருக்கு," என்றாய். இரண்டு பேருக்கும் ஒரே புத்தி.

உன் காரியமெல்லாம் முடிந்தபிறகு கூரையைப் போட்டு, நிறை பார்க்கக் கொண்டு போனோம். சுதாவின் கார் இழுக்கக்கூடியதைவிட நூற்றுப்பத்துக் கிலோ கூட. அங்கே நின்ற நோர்வேக்காரர் சுவரைத் தட்டிவிட்டு, பங்கரா கட்டினீர்கள் என்று கேட்டாராம்.

திரும்பி வரும்போது சுதா சொன்னாள்: "அப்பா, நீங்கள் மீன் தின்னுற ஆள்தானே. இனி ஆருக்கு இந்தக் குசினி? அங்கை ஒரு அறை எடுத்துத் தங்குவம். இதை விடுங்கோ."

உண்மைதானே, இனி ஆருக்கு?

பத்து நாள் கராஜ் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை போய்க் கழற்றத் தொடங்கினேன். சுதா வந்து வாசலில் நின்றாள்.

"குசினியைக் கழட்டுறியளோ?"

"இல்லைப் பிள்ளை. சுவரை."

வீட்டுக்குள் குளிர் வராமல் வைக்கிற நுரைத்தகடு இருக்கிறதே, அதையே சுவராக நிறுத்தி, இரண்டு பக்கமும் விசுக்கோத்து மாதிரி மெல்லிய பலகை ஒட்டினேன். கூரைக்கும் அதுதான். ஆணி இல்லை, எல்லாம் பசை. ஒரு முழுச் சுவரை ஒற்றைக் கையால் தூக்கியபோது எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "மேசன்மார் ஆரும் கேட்டால் கடையிலை வாங்கினதெண்டு சொல்லுவம் அப்பா," என்றாள் உன் மகள்.

மெத்தை, அடுப்பு, உன் சட்டிபானை எல்லாம் ஏற்றி மறுபடி நிறை பார்த்தோம். கார் இழுக்கக்கூடியதில் இன்னும் பன்னிரண்டு கிலோ மிச்சம். "அரிசி கட்டலாம்," என்றாள்.

புது வீடென்றால் பால் காய்ச்சவேண்டுமே. முற்றத்தில் காரிலிருந்து கழற்றி நிறுத்தி, பின்பக்கக் குசினியில் பால் வைத்தோம். பொங்குவதைப் பார்க்க நான் ஏற, சுதாவும் பின்னால் ஏறினாள். இது சில்லில் உருளுகிற வீடு என்பதை மறந்துபோனேன், மங்களம். பின்னுக்கு முண்டு வைக்கவில்லை. முன்பக்கம் எழும்ப, பின்பக்கம் தொப்பென்று குந்த, பால் முழுக்க நான் கட்டியிருந்த சாரத்தில்.

"அடுப்பை அணையுங்கோ அப்பா!"

"எந்தத் திசைக்குப் பொங்கினது?"

"உங்கடை திசைக்குத்தான்!"

பிறகு முண்டு வைத்து, வேறு பால் வைத்தோம். கிழக்கே பொங்கியது.

யூன் மாதம் புறப்படுகிறோம். அதற்கு முன் ஒன்று சொல்லவேணும். அந்த நாலு வருடமும் உன் கடிதங்களை என் அறைக் கூட்டாளிதான் வாசித்துச் சொன்னவன். எனக்குத்தான் எழுத்து வராதே. இன்னொருவர் வாசிப்பார் என்று தெரிந்து, நீ மழையையும் மாட்டையும் பிள்ளையின் காய்ச்சலையும் மட்டும் எழுதுவாய். நானும் அவனைக்கொண்டு குளிரையும் சாப்பாட்டையும் எழுதுவித்தேன். பிறகு நீ வந்தாய், ஒரே வீட்டில் இருந்தோம். எழுதாமல் விட்ட அந்த மிச்சத்தை நாங்கள் எப்போதாவது கதைத்தோமா?

சுதா பேனையை வைத்துவிட்டு, "நான் வெளியிலை போகட்டோ அப்பா?" என்கிறாள். அவள் போனால் யார் எழுதுவது?

அதனால் மிச்சத்தை இதிலும் எழுதுவிக்கவில்லை. அங்கே தொழிற்சாலைக்குப் பின்னால், கடலைப் பார்க்க வண்டியை நிறுத்துவோம். உன் சட்டியில் சோறும் பருப்பும் நானே காய்ச்சுவேன். அதில் மீன் படாது, சத்தியம். சுதாவைக் கொஞ்சம் நடந்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டு, நாலு வருடமும் இன்னொருவன் கையால் எழுத ஏலாமல் போனதையெல்லாம் என் வாயாலேயே உனக்குச் சொல்வேன்.

எழுதினது உன் மகள்.
சொன்னது உன் மனுசன்.