டயரில் பால் இல்லை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். முழங்கால் வீங்கியேதான் இருக்கிறது. அக்டோபரில் மூட்டை மாற்றியே ஆக வேண்டுமாம். அதன் பிறகு பாறையில் சைக்கிள் ஓட்டுவது சந்தேகம் என்கிறார் டாக்டர். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு. இரண்டு வருஷமாக மூன்றாவது தண்ணீர்ப் பந்தலுக்கு மதியம் ஒரு மணிக்குள் போய்ச் சேராமல், குறுக்கே கயிறு கட்டி நிறுத்தப்பட்டவள் நான். எல்லைக்கோட்டை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தாண்ட வேண்டும்.

சாப்பிடும்போது கார்டி சொல்கிறான்: "பேசாம சின்னப் பந்தயத்துல பேர் குடுத்துடேன். பத்து மைல்தான."

கறி வைத்துச் சுட்ட பாஸ்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கட்டின புருஷனே இப்படி என்றால் ஊர் என்ன சொல்லாது?

ஆகஸ்ட் 24

பழைய செம்புச் சுரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில் மூன்று தடவை. மூன்று தடவையும் இறங்கித் தள்ளினேன். சனியன் பிடித்த வேர்கள்.

ஆகஸ்ட் 30

கடையில் ரெய்னோ லாத்தி எதிரே வந்தார். பந்தயத்தில் எல்லோருக்கும் பின்னால் சைக்கிளில், வழிகாட்ட மரத்தில் கட்டிய அம்புக்குறிகளைக் கழற்றிக்கொண்டே வருகிறவர். அவர் சீட்டியடிப்பது முதுகுக்குப் பின்னால் கேட்டால், நமக்குப் பின்னால் வேறு ஒருவரும் இல்லை என்று அர்த்தம்.

"என்னம்மா மார்லிஸ், இந்த வருஷமும் நாம ரெண்டு பேருந்தானா?"

"இந்த வருஷம் உங்க மூஞ்சியப் பாக்கவே மாட்டேன்."

சிரிக்கிறார் மனுஷன். குளிர்காலம் முழுக்க இந்த ஊர்ப் பனியை லாரியில் தள்ளுகிறவள் நான். என்னைப் பார்த்துச் சிரிப்பாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஷெட்டிலிருந்து வாயெல்லாம் பல்லாக வந்தான் கார்டி. என் சைக்கிளுக்குப் புது டயர் போட்டுவிட்டானாம். "சும்மா பஞ்சு மாதிரி இருக்கு பாரு. நீ பறக்கப் போற."

பந்தயத்துக்கு முந்தின நாள் சைக்கிளில் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது என்பது இங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். கத்தித் தீர்த்தேன். அவன் முகம் வாடியதும் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். சௌனாவில், அந்த நீராவிச் சூட்டில், ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் மனசு ஆறவில்லை.

செப்டம்பர் 6, சனி

கோபமா, களைப்பா — தெரியவில்லை.

பன்னிரண்டாவது மைலில் பின்டயர் புஸ்ஸென்று இறங்கியது. முள்தான், சின்ன ஓட்டை. இந்த டயருக்குள் ட்யூப் கிடையாது. வெள்ளையாக ஒரு பாலை ஊற்றி வைப்போம், ஓட்டை விழுந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அந்த மகராசன் பாலே ஊற்றவில்லை.

சரி, அவசரத்துக்கு ஒரு ட்யூப் சீட்டுக்கு அடியில் கட்டியிருப்பேனே என்று பார்த்தால், அதுவும் இல்லை. எடை குறையணுமே. அதையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டான். பாறை மேல் உட்கார்ந்து அழுதேன். ஆமாம், அழுதேன். ரெண்டு மாசம் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு உழைச்சதெல்லாம் இதுக்குத்தானா?

பன்னிரண்டு பத்துக்கு சீட்டிச் சத்தம் கேட்டது.

ரெய்னோ சைக்கிளை நிறுத்தினார். பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம். பந்தயத்துல ஓட்டறவங்கதான் ஒருத்தருக்கொருத்தர் குடுக்கலாம். வெளியாள் குடுத்தா என்னைய நீக்கிடுவாங்க."

"யாரு வெளியாளு?" கைப்பிடியில் தொங்கிய அம்புக்குறிகளை விலக்கிக் காட்டினார். உள்ளே எண் தட்டு: 400. "வருஷா வருஷம் பேர் குடுத்துத்தான் ஓட்டறேன். யாராவது ஒருத்தர் கடைசியா வரணும்ல. நான் வந்துட்டுப் போறேன். பிடி."

அம்பு கழற்றுகிறவரை மட்டும் கயிறு கட்டி நிறுத்த மாட்டார்கள்; பதினோரு வருஷமாக முடிவுப் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையதாம். எனக்குத் தெரியாது. என் பெயர் வராத பட்டியலை நான் எதற்குப் பார்க்கப் போகிறேன்?

ட்யூபை மாட்டிக் காற்றடித்துக் கிளம்பினேன். "சீட்டியடிக்காதீங்க, எரிச்சலா வருது" என்றேன். இன்னும் சத்தமாக அடித்தார். தண்ணீர்ப் பந்தலில் மணி 12:57. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நிற்காமல் தாண்டிப் போனேன்.

கடைசி ஏற்றத்தில் முழங்கால் கைவிட்டுவிட்டது. இறங்கித் தள்ளினேன். ஓட்ட முடிந்தும் அவரும் இறங்கிப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்தார். எல்லைக்கோட்டுக்குப் பத்தடி முன்னால் நின்று, ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார். நான் தாண்டினேன்.

கார்டி ஓடி வந்து கட்டிக்கொண்டான். முதல் கேள்வி: "டயர் எப்டி?"

செப்டம்பர் 7

ஷெட்டில் பால் பாட்டில் இருக்கிறது. மூடியே திறக்கவில்லை. அவனோடு நான் பேசுவதாக இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

நாளை ஆபரேஷன். பெட்டி கட்டியாகிவிட்டது.

கார்டி முடிவுப் பட்டியலை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தான். 212, மார்லிஸ் நியெமி. அத்தோடு தாள் முடிந்தது. கத்தரித்திருக்கிறான்.

"கீழ இன்னொரு பேர் இருந்துச்சே?"

"அது அந்த அம்பு கழட்டற ஆளுதான? உன் பேரோட முடிஞ்சா நல்லாருக்குமேன்னு..."

"எடு அத."

"குப்பைல போட்டுட்டேன், மார்லிஸ்."

"எடுன்னேன்."

காப்பித்தூளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். நசுங்கிப்போன ஒரு துண்டு. துடைக்கச் சொல்லி, என் பெயருக்குக் கீழே அவனையே ஒட்ட வைத்தேன். கோணலாகத்தான் ஒட்டியிருக்கிறான். இருக்கட்டும். 213, ரெய்னோ லாத்தி.