சுவரில் பூத்த உப்பு

பாளையங்கோட்டை,
நவம்பர் 21.

அன்புள்ள ஜோன்ஸ் அத்தானுக்கு ஃபெமினா எழுதிக்கொள்வது.

நான் சுகம். வீடுதான் சுகமில்லை. உங்கள் சுகத்துக்கு மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். லீவு முடிந்து அலெக்ஸ் அண்ணன் வெள்ளிக்கிழமை உங்கள் கப்பலில் வந்து ஏறுகிறார், கையில் கொடுத்துவிடலாம் என்றதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசினால் பாதி நேரம் லைன் போகிறது, மீதி நேரம் நீங்கள் கத்துகிறீர்கள். இன்னும் ஆறு மாதம் கூடக் கப்பலில் இருக்கட்டுமா, மாதக் கடைசிக்குள் கேப்டனிடம் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டீர்கள். "உங்க இஷ்டம்" என்றேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் தண்ணீர்ச் சமாச்சாரம்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கீழே வீட்டுக்காரர்களின் பூஜை அறையில் சீலிங் ஒழுகுகிறது. அதற்கு நேர் மேலேதான் உங்கள் கடல்மீன் தொட்டி. சொர்ணாம்பாள் மதினி மாடியேறி வந்து, "ஏம்மா, ஒங்க உப்புத்தண்ணி எங்க முருகன் தலையில சொட்டுது. தொட்டிய எடு, இல்லன்னா வேற வீடு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். திருச்செந்தூர் முருகனுக்குக் கடல்தண்ணீர் புதுசா என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தொட்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தேன். நனையவில்லை. ஆனால் தொட்டியில் இரண்டு நாளைக்கு ஒரு விரற்கடைத் தண்ணீர் குறைகிறதே, அது எங்கே போகிறது? பின்சுவரைப் பார்த்தால் காரை ஊதி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். சுத்தமான உப்பு. மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்தவள் நாக்கு தப்புமா? கீழே போய் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு எங்கள் மேல்தான் என்று அழுதேவிட்டேன்.

நீங்கள் வரும்வரை தொட்டியை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். அசைத்துவிட்டேன். பெரிய நீல டிரம்மில் அந்தத் தண்ணீரையே மாற்றி, கல்லையும் இரண்டு ஆரஞ்சு மீன்களையும் விட்டு, காற்றுக் குழாயையும் போட்டேன். டிரம் குளியலறையை அடைத்துக்கொண்டது. நாலு நாளும் கதவைத் திறக்க முடியாமல் இடுக்கில் நுழைந்து குளித்தேன்.

நாலாம் நாளும் கீழே சொட்டுகிறது! தொட்டி காய்ந்து கிடக்கிறது, முருகன் நனைந்துகொண்டிருக்கிறார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. வீட்டுக்கார அம்பலவாணன் அண்ணாச்சி, "ஏட்டி, காலித் தொட்டி எங்கன இருந்து ஒழுகும்?" என்று மதினியைப் பார்த்துக் கேட்டார்.

பிளம்பர் மாரிராஜைக் கூப்பிட்டார்கள். அவர் மொட்டை மாடிக்குப் போய், சுவருக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர்க் குழாயில் கம்பியை விட்டு இழுத்தார். ஒரு பழைய வேட்டி வந்தது. மதினி கூழ்வடகம் பிழிந்து காயப்போடுகிற வேட்டி, சித்திரையிலிருந்து காணோமாம்! குழாய் அடைத்து, தேங்கிய தண்ணீர் உள்ளே இணைப்பு விட்ட இடத்தில் கசிந்து, சுவரெல்லாம் ஊறியிருக்கிறது. அடைப்பை எடுத்ததும் சொட்டு நின்றுவிட்டது. அப்படியானால் உப்பு ஏது என்று கேட்டேன். "அது செங்கல்லுக்குள்ள உள்ள உப்பு, அக்கா. ஈரம் பட்டா எந்தச் சுவத்துலயும் பூக்கும்" என்றார். என் நாக்கை எங்கே கொண்டு வைக்க?

மதினி வேட்டியைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மத்தியானம் அவரிடமிருந்து ஒரு தூக்குச்சட்டியில் சொதியும் கூடவே இஞ்சிப் பச்சடியும் வந்தன. கோபமாகத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா இல்லையா என்று இன்னும் பிடிபடவில்லை.

இனி மறைக்க முடியாது. பெரிய மீன் செத்துப்போய்விட்டது, அத்தான். டிரம்மில் விட்ட மூன்றாம் நாள் காலையில் மிதந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டபோது, ரெண்டும் நல்லா இருக்கு என்று சொன்னது பொய்.

இடம் மாற்றியதால்தான் போயிற்று என்று நினைத்தேன். சின்னதையாவது காப்பாற்ற வேண்டுமே என்று, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வண்ணார்பேட்டை மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரப் பெண் ஜெமிமா அளந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது கடலா உப்பளமா?" என்று கேட்டாள். தொட்டி சூடாகாமல் இருக்க ஃபேன் போடச் சொன்னீர்களே, அந்தக் காற்றில் தண்ணீர் ஆவியாகிவிடுமாம், உப்பு மட்டும் உள்ளேயே நிற்குமாம். குறைந்ததற்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டுமாம். நானோ தம்பி ரேமண்ட் ஊரிலிருந்து கேனில் கொண்டுவரும் கடல்தண்ணீரையே மூன்று மாதமாக ஊற்றியிருக்கிறேன். கடல் மீனுக்குக் கடல்தண்ணீர்தானே, இதை யாரிடம் கேட்க என்று இருந்துவிட்டேன். உயிரோடு இருக்க வேண்டும் என்று ஊற்றி ஊற்றியே கொன்றிருக்கிறேன். கடையிலேயே அழுதேன். அந்த அழுகை மீனுக்குத்தானா என்று எனக்கே தெரியவில்லை.

சின்ன மீன் இருக்கிறது. ஜெமிமா சொன்னபடி தினம் ஒரு செம்பு நல்ல தண்ணீர் விட்டு உப்பைப் பைய இறக்குகிறேன். நேற்றுதான் தீனி எடுத்தது. ஜோடிக்கு இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது அந்த ஆறு மாத விஷயம். "உங்க இஷ்டம்" என்றதும் பொய்தான். ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டினீர்கள், இரண்டு தடவையும் சரி என்றேன். ஃபெமினா எல்லாம் சமாளித்துவிடுவாள் என்று கப்பலில் எல்லோரிடமும் சொல்கிறீர்களாம், அலெக்ஸ் அண்ணன் பெருமையாகச் சொன்னார். சமாளிக்கிறேன்தான். இது சரியா தப்பா என்று திரும்பிப் பார்த்துக் கேட்க வீட்டில் ஒரு ஆள் இல்லாமல் சமாளிக்கிறேன்.

கையெழுத்துப் போடாதீர்கள், அத்தான். கேப்டன் காரணம் கேட்டால், வீடு ஒழுகுகிறது, நான் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஒழுகல் நின்றுபோனதை அலெக்ஸ் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

மாதா உங்களை அலுங்காமல் கரை சேர்க்கட்டும்.

உங்கள்,
ஃபெமினா