உன் உம்மா குடிக்காத ஸ்மூத்தி

மேலப்பாளையம்,
சனிக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகள் ஸமீஹாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை அலி அஸ்கரும் சார்ஜாவில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் சுகம். உன் உம்மாவும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம், ஆனால் நிச்சயமாகத் தெரியாத விஷயத்தை எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வராது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. தினமும் போனில் பேசுகிறோமே, காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் உன் உம்மா கையில் இருக்கிறது, எனக்குத் தரும்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள், என்னுடைய பட்டன் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. அதனால் அடுத்த தெரு பெருமாள்ராஜின் மகன் கணேஷ்ராம் நாளைக் காலையில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன், நாளை சாயங்காலம் உன் வாசலில் நிற்பான். நல்ல பையன்தான். இருந்தாலும் கவர் ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கோடு விலகியிருந்தால் அவனிடம் ஒன்றும் கேட்காதே, எனக்கு மட்டும் சொல்.

நோன்பு பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் வீடியோவில் அந்த ஸ்மூத்தியைச் செய்து காட்டினாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். போன வருஷம் நோன்பில் உன் உம்மா சர்க்கரை இறங்கிக் குளியலறை வாசலில் விழுந்து கண் செருகிக் கிடந்ததும், டாக்டரம்மா இனி நோன்பு பிடித்தால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று கண்டித்ததும் உனக்குத் தெரியும். பள்ளிவாசல் ஆலிம்சாவும் நோயாளிக்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது, விடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார், அப்படியே கொடுத்தும் வருகிறோம். வீட்டில் நான் நோன்பு, தனக்கென்று பகலில் அடுப்பு மூட்ட அவளுக்குக் கூச்சம், அதனால் வாப்பா நீங்களே மிக்ஸியில் மூன்று நிமிஷத்தில் அடித்துக் கொடுங்கள் என்று எனக்கு வேலை வைத்தாய். முந்தின நாளே பப்பாளியையும் அன்னாசியையும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைக்க வேண்டும், கல்லாக இறுகியதும் அரை வாழைப்பழம், இரண்டு கரண்டி தயிர், ஒரு நறுக்கு இஞ்சி, கொஞ்சம் தண்ணீர், சீனி கிடையாது, விட்டு விட்டு அடித்தால் கெட்டியாக வரும். எல்லாம் சரி. நீ செய்து காட்டினாய், டம்ளரில் ஊற்றினாய், நுரையைக்கூடப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டினாய், ஆனால் ஒரு வாய் குடிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு என்று தள்ளி வைத்துவிட்டாய். அன்றைக்கே எனக்கு உறுத்தியது. அரசு பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் பரிசோதித்தவன் நான். மாஞ்சோலை மலை வளைவில் வண்டி ஏறும்போது எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்ப்பார்கள், டிக்கெட் எடுக்காதவன் மட்டும் வெளியே காட்டை ரசிப்பான். செய்தவள் வாயில் வைக்காத பண்டத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் நீ சொன்னபடி செய்தேன். பழம் வாங்கக் கடைத்தெருவில் சங்கிலிபூதத்தானிடம் போகிறேன். ஸ்டிக்கர் ஒட்டிய பழத்தை நான் தொடுவதில்லை, அழுகின இடத்தை மறைக்கத்தான் அதை ஒட்டுகிறார்கள் என்பது என் கட்சி. காம்பை முகர்ந்து, அடியை அமுக்கி, இது மருந்து தெளித்துப் பழுக்க வைத்ததா என்று கேட்டால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். பாய், சேரமாதேவித் தோட்டத்துப் பழம் இது, மரத்துலயே பழுத்தது, நீங்க மோந்து மோந்து பாத்தே பாதிப் பழம் வாடிப் போவுது என்று கத்துவான். அடித்து முடித்த பிறகுதான் பெரிய சங்கடம், எனக்கு நோன்பு, ருசி பார்க்க முடியாது. சமைப்பவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று ஆலிம்சா சொல்லுகிறார், எனக்குத் துணிவு இல்லை, துப்பியது முழுவதும் போய்விட்டதா என்று யார் சாட்சி சொல்வது. ஆக நான் அடிக்கிற ஸ்மூத்தி நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு உன் உம்மாவின் வாய்தான் ஒரே ஆதாரம். அவளும் தினமும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்கு இடித்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் போட்ட ஒரு டீயை அவள் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. நான் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் டம்ளர் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருக்கும், காலையில் குடித்த காப்பி டம்ளரைச் சாயங்காலம் கழுவுகிறவள் அவள். உதடு வெடித்திருந்தது, கேட்டால் வெயில் என்றாள், வெளியே போகாதவளுக்கு எங்கிருந்து வெயில். விடியுமுன் ஸஹர் நேரத்தில் எனக்குச் சோறு போட எழுந்து, துணைக்கு என்று தானும் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொல்லும்போது நோன்பு இல்லாதவளுக்குக் கையில் பேரீச்சம்பழம் எதற்கு, கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பது எதற்கு. பின் வீட்டில் குடியிருக்கும் ஜாய்சியை உனக்குத் தெரியும், உவரிப் பெண், புருஷன் ஜோன்ஸ் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. மதியம் அந்தப் பக்கத்துச் சுவரில் உன் உம்மாவின் வளையல் சத்தம் கேட்கும். முதலில் நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், மறைக்காமல் எழுதுகிறேன். தயிர்க்காரரைச் சந்தேகப்பட்டேன், பூனையைச் சந்தேகப்பட்டேன், ஒருவேளை குடிக்க முடியாமல் சாக்கடையில் ஊற்றுகிறாளோ என்று அங்கேயும் போய்க் குனிந்து பார்த்தேன். நோன்பு பிடிக்கிறாளோ என்று நினைக்கத்தான் பயமாக இருந்தது, அதனால் அதைக் கடைசி வரை தள்ளித் தள்ளி வைத்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்று அவசர அவசரமாக அடித்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து எப்படி இருந்தது என்று கேட்டேன். இன்னைக்குத்தான் சரியா வந்திருக்கு, தெனமும் இப்படியே போடுங்க என்றாள். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நோன்பு திறந்து தொழுதுவிட்டு வந்து, எலுமிச்சம்பழம் தேடி ஃப்ரிட்ஜைத் திறந்தால், கஞ்சிப் பாத்திரத்துக்குப் பின்னால், தட்டு போட்டு மூடி, என் ஸ்மூத்தி டம்ளர் விளிம்பு வரை அப்படியே இருக்கிறது. குடித்ததாகச் சொன்னவள் எதைக் குடித்தாள். வீணாக்குவானேன் என்று வாயில் ஊற்றினேன் ஸமீஹா, ஊற்றினதுதான் தெரியும், ஓடிப்போய்த் துப்பினேன். இட்லி மாவு. தயிரும் மாவும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாவில் இருந்திருக்கிறது, கண்ணாடி போடாமல் மாவை எடுத்து இரண்டு கரண்டி போட்டிருக்கிறேன். பச்சை மாவு வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. இதைத்தான் உன் உம்மா தினமும் இப்படியே போடச் சொன்னது. கையும் களவுமாகப் பிடிபட்டாள். விடிந்ததும் ஜாய்சியைக் கேட்டுக்கொள்ளலாம் என்று படுத்தேன், தூக்கம் வரவில்லை.

இன்று காலையில் ஜாய்சியிடம் போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, கேட்பதற்கு முன்பே அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. மாமிதான் தெனமும் கொண்டாந்து தருவாவ மாமா, தனக்கு வயித்துக்கு ஒத்துக்கல, ஒங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவியன்னு சொல்லக் கூடாதுன்னாவ, நேத்து எங்களுக்குத் தவக்காலத்து வெள்ளி, நான் ஒருசந்தி, அதான் வேண்டாம்னுட்டேன் என்றாள். ஒருவேளை உணவோடு அவள் விரதம் இருந்ததால் டம்ளர் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பியிருக்கிறது, இல்லாவிட்டால் பெருநாள் வரைக்கும் நான் ஜாய்சிக்கு ஸ்மூத்தி அடித்துக்கொண்டிருப்பேன், உன் உம்மா இங்கே எந்த மத்தியானம் விழுவாள் என்று தெரியாமல்.

மதியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தயிரை இரண்டு முறை பார்த்து, ஒழுங்காக ஒரு டம்ளர் அடித்து அவள் முன்னால் வைத்தேன். எனக்கு எதிரே குடி என்றேன். பைய குடிக்கேன், நீங்க பள்ளிக்குப் போங்க என்றாள். முகம் வெளுத்திருந்தது, விரல் எல்லாம் சில்லென்று வியர்த்திருந்தது, போன வருஷம் விழுவதற்கு முன்னால் இப்படித்தான் இருந்தாள். டம்ளரை எடுத்து என் வாய்க்குக் கொண்டுபோனேன், நீ குடிக்காவிட்டால் நான் குடித்து என் நோன்பை முறிக்கிறேன் என்றேன். காரணமில்லாமல் நோன்பை முறித்தால் எத்தனை பெரிய குற்றம் என்று உனக்குத் தெரியும், குடித்திருப்பேனா மாட்டேனா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை. குடிச்சிராதிய, குடிச்சிராதிய, இந்தப் பாவத்தயும் என் தலயில கட்டிராதிய என்று பாய்ந்து பிடுங்கிக் கடகடவென்று குடித்துவிட்டு, டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாகத்தான் சொன்னாள். ஒங்க மகளுக்கு மூணாம் மாசம் நடக்கு. ரெண்டு தடவ கலைஞ்சு போயிட்டு, இந்தத் தடவயாவது தங்கணும், நோன்பாளி நோன்பு தொறக்கையில கேட்டா அல்லாஹ் தட்டமாட்டாம்லா, பகலெல்லாம் தின்னுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேப்பேன் என்றாள்.

இப்போது புரிகிறதா, வீடியோவில் நீ ஏன் குடிக்கவில்லை என்று. பப்பாளியும் அன்னாசியும் மாசமான பெண் தொடக்கூடாது என்று நம் தெருவில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், இத்தனை சந்தேகப்படுகிற எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் இரண்டு தடவையும் முதல் வாரமே வாப்பா என்று எனக்குத்தான் சொன்னாய். இந்த முறை நாலாம் மாசம் வரை வாப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று உம்மாவிடம் சொன்னாயாமே. சொன்னால் நான் தினமும் ஆயிரம் கேள்வி கேட்பேன், நீ அதற்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துப்போவாய் என்று நினைத்திருப்பாய். சரிதான், கேட்டிருப்பேன். இப்போதும் கேட்கத் தோன்றுகிறது, எந்த டாக்டர், படி ஏறுகிறாயா, மாப்பிள்ளை தண்ணீர்க் கேனைத் தூக்கித் தருகிறாரா என்று. கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய்ய வேண்டும். உன் உம்மா இன்று குடித்தது என் நோன்பைக் காப்பாற்ற, தன் உயிருக்காக அல்ல. நாளைக்கு மறுபடியும் பிடிப்பேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள், தினமும் டம்ளரை என் வாய்க்குக் கொண்டுபோய் மிரட்ட என்னால் முடியாது. ஆலிம்சா சொல்லிக் கேட்கவில்லை, டாக்டர் சொல்லிக் கேட்கவில்லை, உனக்காகப் பிடிப்பதை நீ சொன்னால்தான் விடுவாள். இந்தக் கடிதம் கிடைத்த உடனே போன் போடு. நாளைய நோன்பை எப்படியும் பிடித்திருப்பாள், அதோடு நிற்கட்டும். திட்டாதே, பயமுறுத்தாதே. உம்மா, எனக்காக அல்லாஹ்விடம் கேட்கிற பொறுப்பை வாப்பாவிடம் கொடுத்துவிட்டேன், நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல். என் நோன்பும் நோன்புதானே மகளே. டிக்கெட் கேட்டே பழகிய வாய் என்றாலும், பிள்ளைக்காகக் கேட்டால் படைத்தவன் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டானா.

மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். உன்னையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் அல்லாஹ் எந்தத் தீங்கும் அண்டாமல் காப்பானாக, பத்து மாசமும் நிறைந்து சுகமாகப் பெற்றெடுத்து நீ எங்கள் முன்னால் வந்து நிற்பாயாக. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, கனமான எதையும் தூக்காதே. பாங்கு சொல்ல இன்னும் சிறிது நேரம்தான் இருக்கிறது. உன் உம்மா பாயில் படுத்திருக்கிறாள், இன்றைக்கு நோன்பு போய்விட்டதே, என் மகளுக்கு யார் கேட்பார் என்று இதுவரை மூன்று தரம் சொல்லிவிட்டாள். இன்று இந்த வீட்டில் நோன்பாளி நான் ஒருவன்தான். நான் கேட்கப் போகிறேன்.

உன் நலத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாத வாப்பா,
செய்யது மசூது.