நான்காம் பதிப்பில் இல்லாத பெயர்கள்

இன்று காலை கணினியைத் திறந்ததும், புரோகிராம் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு லைப்ரரியின் புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிவிப்பு. இலவசம், யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். தரவின் ஒரு பகுதியைக் கணினி கையாளும்போதே அடுத்த பகுதியைப் பின்னால் கொண்டுவந்து வைத்துவிடும். மாற்றங்களின் பட்டியலில் என் பெயர்! நான் அனுப்பிய திருத்தத்தைச் சேர்த்துவிட்டார்கள். மேஜையை ஓங்கித் தட்டினேன். இதைச் சொல்ல ஆள் நீதான். நீயோ போய்விட்டாய்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில். நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு ஆலையில். சம்பளச் சீட்டு அடிக்கும்போது ஃபிளாப்பி ஓடினால் பிரிண்டர் சும்மா நிற்கும். பிரிண்டர் ஓடினால் ஃபிளாப்பி சும்மா கிடக்கும். நீ கடுப்பானாய்.

"ஏலே, பால்கோவா கிண்டுறவன் ஒரு சட்டி இறக்கின பொறவா அடுத்த சட்டிப் பாலுக்கு மாடு தேடிப் போவான்?"

அதிலிருந்து பிறந்ததுதான் நம் புரோகிராம். ஒரு பகுதி அச்சாகும்போதே அடுத்ததைப் படித்து வைத்துக்கொள்ளும். முதல் தடவை இரண்டும் சேர்ந்து ஓடியபோது, ஷிப்ட் ஆட்கள் எட்டிப் பார்க்கும்படி கத்தினோமே!

பிறகு பதிப்பு மேல் பதிப்பு. ஃபிளாப்பியின் மேல் பேனாவால் எண் எழுதி பஸ்ஸில் கொடுத்துவிடுவோம். "தினமும் இந்தக் கறுப்பு அட்டையத்தான் அனுப்புறீக. உள்ள என்ன சார், பொண்ணு போட்டோவா?" என்பார் கண்டக்டர்.

மூன்றாம் பதிப்பு நினைவிருக்கிறதா? கோப்பின் கடைசிப் பகுதி அச்சாகாமல் நின்றுவிடுகிறது என்பதை இருவருமே கண்டுபிடித்து, தனித்தனியே சரிசெய்து, இருவருமே '3' என்று எழுதி ஒரே நாளில் அனுப்பினோம். இரண்டு பஸ்ஸும் வழியில் ஒன்றையொன்று கடந்திருக்கும். சாயங்காலம் நீ போன் செய்தாய்.

"உன்னோடது அருமைடா. என்னோடத அழிச்சிட்டு அதையே ஏத்திட்டேன்."

"அடப்பாவி, நானும் என்னோடத அழிச்சிட்டு உன்னோடத ஏத்திட்டேனே!"

அவரவர் அனுப்பியதை மறுபடி வரவழைத்து, இரண்டையும் சேர்த்துத்தான் நான்காம் பதிப்பு செய்தோம். நாம் செய்ததிலேயே நல்லது அதுதான்.

அதைத்தான் கேட்டவனுக்கெல்லாம், நாம் எழுதிய மூல வரிகளோடு கொடுத்தாய். சிவகாசி அச்சகக்காரன், சேத்தூரில் கடை வைத்தவன், யார் வந்தாலும். தலைப்பில் இருந்த நம் இருவர் பெயரையும் எடுத்துவிட்டாய், என்னிடம் கேட்காமலே. அந்தப் பெயரை வைத்து மெட்ராஸில் ஒரு நல்ல வேலை தேட நினைத்திருந்தேன்.

"பேரு இருந்தா எவனும் கை வைக்கப் பயப்படுவான்லே. கை வைக்கலேன்னா அது அம்புட்டுத்தான், செத்துப்போகும்."

"அப்ப நான் யாரு?"

"நீயா? கோவக்காரன்."

பிறகு மெட்ராஸில் நான் போயிருந்த ஒரு கம்ப்யூட்டர்காரர்கள் கூட்டத்தில் ஒருவன் அதைத் தன்னுடையது என்று காட்டினான். நம் வரிகளை நான் அடையாளம் கண்டேன். மேடையேறிச் சண்டை போட என்னிடம் ஒரு சான்றும் இல்லை. ஊருக்கு வந்து உன்னிடம் கொதித்தால், உன் கண் பளபளத்தது.

"அதுல என்ன மாத்திருக்கான்? ஒரு காப்பி வாங்கிட்டு வந்தியா?"

அன்றோடு உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். உன் சாவுக்கும் வரவில்லை. அதற்காக இப்போதும் வருந்தவில்லை. என் பெயர் என்னுடையது. அதைக் கொடுத்துவிட உனக்கு உரிமை கிடையாது.

இந்த லைப்ரரியில் என் பெயரை முழுசாக, இனிஷியலோடு போட்டேன். மதியம் வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எந்த ஊர்ப் பெண்ணோ, என் வரிகளில் பாதியை வெட்டிவிட்டு வேறு எழுதி அனுப்பியிருக்கிறாள். ரத்தம் கொதித்தது. மறுப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, அவளுடையது வேகமாக ஓடும் என்று தெரிந்தது. ஓட்டியும் பார்த்தேன்; ஓடுகிறது! இன்னும் ஓர் இடத்தில் கணினி சும்மா காத்து நிற்பது மிச்சம் இருக்கிறது, அதை அவள் கவனிக்கவில்லை. சோறு ஆறிப்போகிறது என்று வீட்டில் கத்துகிறார்கள். செத்த நேரம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் எழுதியதன் மேல் என் அடுத்த வரியை அடித்துக்கொண்டிருக்கிறேன்.